பாயின் பென்சில் கொடுத்த நிறம்

ஐம்பதுகளில் ஓசூர்ப் பக்கம் எடுக்கப்பட்ட கல்யாணப் போட்டோக்களை யாராவது சேர்த்துவைத்துப் பார்த்தால், எங்கள் தாலுகாவில் கறுப்பு மனிதர்களே இருந்ததில்லை என்ற முடிவுக்குத்தான் வருவார்கள். அதற்குக் காரணம் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த பாய். படம் பிடித்தால் நான்கு நாள் கழித்து வரச் சொல்வார். அந்த நான்கு நாளும் நெகட்டிவ்வைச் சாய்வான கண்ணாடி மேஜையில் வைத்து, ஊசி போலச் சீவிய பென்சிலால் முகத்தைத் தொட்டுத் தொட்டு எடுப்பார். நெகட்டிவ்வில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுத்து வரும். அம்மைத் தழும்பு போகும், கருவளையம் போகும். முகம் முழுக்க வெளுக்க வேண்டுமென்றால் பென்சில் போதாது. சிவப்பு மையைத் தூரிகையால் மெல்லப் பூசுவார். இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் செய்வதுதான் மரியாதை என்பது பாயின் கொள்கை.

“அவங்கவங்க மூஞ்சிய அவங்கவங்க கண்ணாடியில பாத்துக்கலாம் சார். அதுக்கு என்னாத்துக்கு நானு?” என்பார்.

நான் அப்போது சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு அந்தப் பகுதி நிருபர். மழை அளவு, சந்தையில் மாட்டின் விலை, மந்திரி வந்துபோனது, லாரி கவிழ்ந்தது, இவைதான் என் செய்திகள். அந்த வருடம் ஒரு புதிய செய்தி பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கியது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் டாங்கனீகாவிலிருந்து ஓர் இளைஞர், நமது அரசாங்கத்தின் உதவிச் சம்பளத்தில் கால்நடைப் பயிற்சிக்காக எங்கள் ஊருக்கு வெளியே இருந்த மாட்டுப் பண்ணைக்கு வந்திருந்தார். ஆறடிக்கு மேல் உயரம். இஸ்திரி மடிப்புக் கலையாத அரைக்கால் சட்டை. தலையில் சீப்பு வேலை செய்யாத சுருட்டை முடி. அதன் நடுவே சவரக் கத்தியால் நேர்கோடாக வகிடு. நான் பத்து வரி எழுதி அனுப்பினேன். மூன்று வரி வந்தது. அதில் வகிடு இல்லை.

ஊர் அவரைப் பார்த்த விதத்தைப் பத்து வரியில் எழுதியிருக்க முடியாது. டீக்கடையில் நிறத்தைப் பற்றி வியந்தவர்கள் எல்லாரும், நான் கவனித்தவரை, ஊரிலேயே நல்ல கறுப்பானவர்கள். குருபரப்பள்ளியிலிருந்து மாடு பிடிக்க வந்திருந்த ஒரு குடியானவர் நேராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கையை அவர் கையோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

“பேப்பர்கார் சார், இங்க பாருங்க. எங்கூருல இத்தன வருசமா என்னயத்தான் கரியன்னாங்க. இப்ப சொல்லச் சொல்லுங்க பாக்கலாம். நானு மாநிறம்!”

என்ன சொல்கிறார் என்று ஆப்பிரிக்கர் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். கொஞ்சம் தயங்கி, உள்ளபடியே சொன்னேன்.

“இவரை எங்கள் ஊருக்கு அனுப்புங்கள். அங்கே இவர் வெள்ளைக்காரர்,” என்றார்.

இதைத் தமிழில் சொன்னதும் குடியானவருக்கு முகமெல்லாம் பல். “அப்பிடியா சொன்னாரு? எப்பா, அவருக்கு இன்னொரு டீ போடு. பன்னும் குடு.”

அன்றைக்கு நாங்கள் இருவரும் பண்ணை வரை நடந்தோம். வழியில் அவர் சொன்னது: “எங்கள் ஊரில் கடை வைத்திருக்கும் இந்தியர்கள் எங்களைக் கடைக்குள் உட்காரவிட மாட்டார்கள். அவர்கள் எல்லாம் கோதுமை நிறம். இந்தியா முழுக்க அவர்கள்தான் இருப்பார்கள் என்று நினைத்து, பயந்துகொண்டே கப்பல் ஏறினேன். இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால், என் சித்தப்பாக்கள் வரிசையாக நின்று என்னை வேடிக்கை பார்க்கிறார்கள்.”

அதன்பிறகு வாரம் இரண்டு முறையாவது என் அறைக்கு வருவார். பண்ணையில் பால் கறப்பவர்கள் கன்னடமும் தெலுங்கும் பேசுவார்கள். அவற்றோடு என்னிடம் கற்ற தமிழையும் போட்டு அவர் ஒரு பாஷை பேசினார். மாடுகளுக்கு அது புரிந்தது.

ஒருநாள் கையில் கடிதத்தோடு வந்தார். ஊரில் அவர் கட்டிக்கொள்ள விரும்பிய பெண் ஒருத்தி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பெண்ணுக்கு அப்பா இல்லை. முடிவு அண்ணன் கையில். அந்த அண்ணனுக்கு வேறொரு மாப்பிள்ளை மேல் கண். அவன் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா, முக்கியமாக, இவரைவிட இரண்டு பங்கு வெளுப்பு. இந்தியாவுக்குப் போய் எப்படி இருக்கிறாய் என்று பார்க்க ஒரு போட்டோ அனுப்பு, ஈஸ்டருக்குள் முடிவு சொல்கிறேன் என்று அண்ணன் எழுதியிருந்தான்.

பாயிடம் அழைத்துப் போனேன். பாய் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, முகவாயைத் தூக்கி, தள்ளி நின்று பார்த்து, என் காதில், “நாலு நாள் பத்தாது சார், ஆறு நாளாவும்” என்றார். ரீடச் என்கிற அந்தப் பென்சில் வேலை வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் என் தொழில்புத்தி. தன் முகத்தை வெளுத்துக் கொடுத்தால் ஒரு ஆப்பிரிக்கர் கோபப்படுவார், ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார், அதை எழுதி அனுப்பலாம் என்று எனக்குள் தலைப்பு வரை தயாராகியிருந்தது.

ஆறாம் நாள் பாய் படத்தை நீட்டினார். அதில் கோயம்புத்தூர் மில் முதலாளி மாதிரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் நம்மவருடையது. மூக்கின் இரு பக்கமும் நிழல் கொடுத்து அதையும் மெலிதாக்கியிருந்தார். ஆப்பிரிக்கர் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். நான் பேனாவைத் தொட்டேன்.

“ஆறு பிரதி வேண்டும்,” என்றார்.

பாய் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கலைஞனின் அடக்கம் இருந்தது.

திரும்பும்போது நான் வேகமாக முன்னால் நடந்தேன். அவரே பேசினார்.

“உங்களுக்கு வருத்தம்போலிருக்கிறது. நான் இதைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டுமா?”

“அப்படியில்லை.”

“மிஷன் பள்ளிக்கூடத்தில் பாட்டுக்கு நிற்கவைக்கும்போது வெளுத்த பிள்ளைகள் முன்வரிசை. நான் எட்டு வருடம் பின்வரிசை. உயரம் என்றுதான் சொல்வார்கள். ஆறு வயதில் நான் உயரமாக இல்லை.” பிறகு சிரித்துக்கொண்டே, “பாய் கடையின் கண்ணாடிப் பெட்டியில் ஒரு படம் பார்த்தேன். சட்டைப் பையில் இரண்டு பேனா. பேனாவை வைத்துத்தான் அது நீங்கள் என்று கண்டுபிடித்தேன்,” என்றார்.

அந்தப் படத்தின் கதையை அவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. முந்தின வருடம் எனக்குப் பர்கூரில் ஒரு பெண் பார்த்தார்கள். ஜாதகம் பொருந்தியது. பாய் எடுத்த படம் போனது, படமும் பிடித்தது. பெண் பார்க்க நானும் என் மாமாவும் பஸ்ஸில் போய் இறங்கினோம். வாசலில் நின்ற பெண்ணின் பெரியப்பா எங்கள் இருவரையும் கும்பிட்டு, எங்களுக்குப் பின்னால் பார்த்து, “மாப்பள அடுத்த பஸ்ஸுக்கு வராருங்களா?” என்று கேட்டார். உப்புமாவும் காப்பியும் குறைவில்லாமல் நடந்தன. ஒரு வாரம் கழித்து, ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் பொருத்தம் இல்லை என்று சொல்லியனுப்பினார்கள்.

ஆப்பிரிக்கர் சாலையோரப் புளியமரத்தில் கையை ஊன்றிச் சிரித்தார். ஆனாலும் மறுநாள் அந்த வெளுத்த படத்தையே விமானத் தபாலில் அனுப்பினார். அண்ணன் நல்ல மனிதனாக நடந்துகொண்டான். படத்தை ஊரெல்லாம் காட்டுவதாகவும், இந்தியாவின் தண்ணீர் ஒத்துக்கொண்டிருப்பது தெரிகிறது என்றும் எழுதினான்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் கடிதம் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பண்ணையிலிருந்து சைக்கிளில் மூச்சிரைக்க வந்தார். வரிவரியாக எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். ‘உன் படத்தை அண்ணன் காட்டினான். உனக்கு என்ன நோய்? என்னிடம் மறைக்காதே. எங்கள் வார்டில் இந்த நிறத்தில் வருகிறவர்கள் இரத்தம் குறைந்து வருகிறவர்கள். கீழ் இமையை இழுத்துக் கண்ணாடியில் பார். உள்ளே சிவப்பாக இருக்கிறதா? ஈறு எப்படி இருக்கிறது? இந்த உடம்போடு கப்பல் ஏறாதே. இப்படியே இருந்தால் நான் அண்ணனிடம் என்ன பேச முடியும்? குமாஸ்தா வீட்டில் ஈஸ்டருக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.’

“நான் தினமும் பசுக்களுக்கு இமையை இழுத்துப் பார்க்கிறேன்,” என்றார். “கடைசியில் என் இமையைப் பற்றிக் கேள்வி வந்துவிட்டது.”

சிரிக்கத்தான் முயன்றார், சிரிப்பு வரவில்லை. ஈஸ்டருக்கு ஐந்து வாரம் இருந்தது. கடிதம் போய்ச் சேரவே இரண்டு வாரம் ஆகும். அன்றைக்கே அசல் முகத்தோடு ஒரு படம் வேண்டும். இருவரும் பாயிடம் ஓடினோம்.

“ரீடச் பண்ணாம குடுக்கணுமா?” பாய் மேஜையை விட்டு எழுந்துவிட்டார். “ஏன், என் வேலையில என்னா கொற?”

“கொறயே இல்ல பாய். ரொம்ப நல்லா இருந்துது. அதான் கஷ்டம்.”

“நாளைக்கி இவுரு ஊருல நாலு பேரு பின்னால திருப்பிப் பாப்பாங்க. என் கடை முத்திரை இருக்கும். ஓசூர்ல ஒருத்தன் ஒரு மனுசன இப்பிடியே எடுத்து அனுப்பிருக்கான்னு சொல்லுவாங்களா மாட்டாங்களா?”

ஆப்பிரிக்கர் கடிதத்தைக் காட்டி, தன் கலப்புப் பாஷையில் விளக்கினார். பாய் அதைக் காதில் வாங்காமல், “சரி, கன்னத்துல மட்டும் லேசா?” என்று பென்சிலை எடுத்தார். ஆப்பிரிக்கர் அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டார். “பேடா பாய், பேடா,” என்றார். வேண்டாம் என்பதைக் கன்னடத்தில்தான் அவருக்கு அவ்வளவு பலமாகச் சொல்ல வந்தது. ஆறடி மனிதர் அப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதில் பாய் இளகியிருக்க வேண்டும். அல்லது கை வலித்திருக்க வேண்டும். பழைய நெகட்டிவ் உதவாது என்று சொல்லி, புதிதாக ஒன்று எடுத்தார். சாயங்காலமே ஈரம் காயாத படத்தைக் கொடுத்தார். பின்பக்கம் முத்திரை போடவில்லை.

“யாரு எடுத்தான்னு கேட்டா பெங்களூருன்னு சொல்லிருங்க,” என்றார்.

நல்ல படம் அது. நெற்றியின் பளபளப்பு, கண்ணில் இருந்த கவலை, கத்தி வகிடு எல்லாம் இருந்தன. அதன் பின்னால் அவர், ‘இமை சிவப்பு. ஈறும் சிவப்பு. முன்பு வந்த படத்தில் இருப்பவர் இங்குள்ள போட்டோக்காரரின் கற்பனை’ என்று எழுதினார். தபாலாபீஸில் பெட்டிக்குள் போடாமல் உள்ளே போய் மாஸ்டர் கையிலேயே கொடுத்தார்.

ஐந்து வாரமும் அவர் மெலிந்தார். குமாஸ்தா எப்படியும் முன்வரிசைக்காரன்தான் என்று ஒருநாள் சொன்னார். கறுப்பு முகத்தைப் பார்த்த அண்ணன், இந்தியத் தண்ணீர் மோசம் என்று எழுதினான். அதோடு சரி. ஈஸ்டர் வந்தது, போனது. மூன்று வாரம் கழித்து, நான் பஸ் ஸ்டாண்டில் பத்திரிகைக் கட்டுக்காகக் காத்திருந்தபோது அவர் வந்து பக்கத்தில் நின்றார். கையில் அவளுடைய கடிதம். முகத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

“குமாஸ்தா வீட்டில் சாப்பிட்டார்களாம். அண்ணன் அவன் நிறத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தானாம். இவள், வெளுத்தவர்கள் எனக்கு நோயாளி வார்டிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள், வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். நான் போனதும், எங்கள் வழக்கப்படி பெண்ணுக்கு எத்தனை மாடு தர வேண்டும் என்று பேசி முடித்துவிடலாம் என்று அண்ணனும் இறங்கிவந்துவிட்டான்.”

“துணிச்சலான பெண்தான்,” என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். பத்து வரிக்கு விஷயம் இருந்தது.

“இன்னும் முடியவில்லை. வரும்போது என்னென்ன வாங்கி வர வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். படிக்கட்டுமா? பச்சைப் பட்டுச் சேலை ஒன்று. கண்ணாடி வளையல் இரண்டு டஜன்.” நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டார். “முகம் வெளுக்க இந்தியப் பெண்கள் பூசுகிற ஸ்நோ இருக்கிறதாமே, அதில் நான்கு டப்பா.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் பஸ்ஸைப் பார்த்தார்.

“நான்கா?”

“அண்ணன் மனைவிக்கும் சேர்த்தாம். அப்படித்தான் எழுதியிருக்கிறாள்.”

கடைத்தெருவில் செட்டியார் கடையில் ஸ்நோ இருந்தது. மூடியில் ரோஜாப்பூ நிறத்தில் ஒரு பெண் படம். செட்டியார் எங்கள் இருவர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் நான்கு டப்பாவை எடுத்து வைத்தார். ஆப்பிரிக்கர் அவற்றைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டார். கடை வரைக்கும் வந்தாகிவிட்டதே என்று நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன்.