பெண் பார்க்க வந்த இடத்தில் ஓர் ஆங்கிலக் கதை

பசுமலைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மகளைப் பெண் பார்க்க, போன தை மாதம் திருவாதவூரிலிருந்து ஒரு குடும்பம் செல்லூரில் எங்கள் வீட்டுக்கு வந்தது. பாடச் சொல்வார்கள் என்று டிரான்சிஸ்டரில் வந்த ஒரு முருகன் பாட்டை அவளுக்குப் பழக்கி வைத்திருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா கேசரித் தட்டை ஓரமாக வைத்தார். "பாட்டெல்லாம் வேணாம் ஆத்தா. தெனமும் பஸ்ஸேறிப் போயி அப்படி என்னதான் படிக்கிற? அதுல ஒரு கதை சொல்லு."

அவள் சொல்லத் தொடங்கியதும் எனக்கு வியர்த்துவிட்டது. பணக்காரன் ஒருவன் ஏமாற்றிக் கைவிட்ட பெண்ணின் கதை! பெண் பார்க்கும் இடத்தில் சொல்லக்கூடியதா அது? கண்ணைக் காட்டினேன், இருமினேன். அவள் நிறுத்தவில்லை.

"கடைசியில அவ செத்துப்போறா அத்தை."

"அந்தப் பய?"

"வேற பொண்ணைக் கட்டிக்கிட்டு நல்லா இருக்கான்."

"இது என்ன அநியாயம்! எழுதுனது ஆம்பளையா?"

"ஆமா. அந்தக் காலத்து நாவல் நெறைய இப்படித்தான் முடியுது. ஏன்னு தெரிஞ்சுக்கத்தான் மேல படிக்க ஆசைப்படுறேன்."

சம்பந்தம் கைநழுவிவிட்டது என்றே நினைத்தேன். அந்த அம்மாவோ மகனைப் பார்த்து, "டேய், இவ படிச்சு முடிக்கட்டும். அம்புட்டு நாளும் நீ பொறுத்துக்க" என்றார். மாப்பிள்ளை அவசரமாகத் தலையாட்டியதைப் பார்த்து எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. அதே நாவலை நானும் கல்லூரியில் படித்தவள்தான். நெறி தவறிய பெண்ணுக்குத் தகுந்த முடிவு என்று பரீட்சையில் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அவள் ஏன் சாக வேண்டும் என்று கேட்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.