டமார் அக்காவின் சூளை

அவளுக்குப் பொறுமை மருந்துக்குக்கூடக் கிடையாது. குறையாகச் சொல்லவில்லை, ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள் பொறுமையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? அழைப்பு வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கழுவிய கை காய்வதற்குள் வண்டியைக் கிளப்பிவிடுவாள். வண்டியில் அது நல்ல குணம், வீட்டில்தான் தொல்லை. குக்கர் அடங்கும்முன் மூடியைப் பிடுங்கப் பார்ப்பாள். பெயின்ட் காயும்முன் விரல் வைத்துப் பார்ப்பாள். யாராவது ஒரு விஷயத்தை ஆரம்பித்தால், "சரி சரி, கடைசியில என்ன ஆச்சு?" என்பாள். அப்படிப்பட்டவள் போயும் போயும் எதைப் பொழுதுபோக்காகப் பிடித்துக்கொண்டாள் என்கிறீர்கள்? சூளையில் கண்ணாடி உருக்குகிற வேலையை!

எல்லாம் ஒரு வீட்டில் நோயாளியை இறக்கிவிடப் போன இடத்தில் ஆரம்பித்தது. அந்த வீட்டு ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தட்டு வெயிலில் நின்றது. பச்சையும் நீலமும் தரையெல்லாம் விழுந்து கிடந்தன. எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்டதற்கு அந்த வீட்டம்மா, "கடையா? நானே பண்ணது" என்று சொல்லிவிட்டார். போதாதா? அடுத்த விடுமுறைக்கே போய்க் கதவைத் தட்டிக் கற்றுக்கொண்டாள். பிறகு அந்த அம்மா வீடு மாறிப் போகும்போது, தூக்க முடியாத தன் பழைய மின்சாரச் சூளையை இவள் தலையில் கட்டிவிட்டுப் போனார். அது இப்போது இவள் வீட்டின் பின்னறையில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், சதுரமாக மூடி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

வேலை என்னவோ கேட்பதற்குச் சுலபம்தான். நிறக் கண்ணாடித் தகடுகளைச் சின்னச் சக்கரம் வைத்த பேனாவால் கீறி, இடுக்கியால் பிடித்து ஒடித்து, வேண்டிய மாதிரி அடுக்கி உள்ளே வைக்க வேண்டும். எண்ணூறு டிகிரி வாக்கில் எல்லாத் துண்டும் உருகி ஒரே கண்ணாடியாகிவிடும். சங்கடம் அதற்கப்புறம். அவ்வளவு சூட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, ஆற அமர இறக்க வேண்டும். நடுவில் மூடியைத் தூக்கினால் மேல்பக்கம் ஆறும், உள்பக்கம் ஆறாது. கண்ணாடிக்குள்ளே ஓர் இறுக்கம் தங்கிவிடும். சில கண்ணாடி அங்கேயே விரிசல் விட்டுவிடும். சில கண்ணாடி நல்ல பிள்ளை மாதிரி வெளியே வந்து, நாலு பேர் பாராட்டையும் வாங்கிக்கொண்டு, ஏதோ ஒரு நாள் அலமாரியில் இருந்தபடியே இரண்டாகும்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா? தலைகீழாகத் தெரியும். ஆனால் கை கேட்க வேண்டுமே! உள்ளே என்ன நிறம் வந்திருக்கிறதோ, ஓரம் வளைந்திருக்கிறதோ என்று மனசு அடித்துக்கொள்ளும். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு விரல் அளவு என்று மூடியைத் தூக்கிவிடுவாள். அவள் புருஷன் வெல்டர். "நான் சுட்டு ஒட்ட வைக்கிறேன், நீ சுட்டு உடைக்கிற. நல்ல ஜோடி!" என்பான். நாத்தனாருக்கு ஆசையாக ஒரு தட்டு செய்து கொடுத்தாள். மறு வாரம் போன் வந்தது. "அண்ணி, உங்க தட்டு வெடிச்சிடுச்சு. அது போகட்டும், எங்க பூனை கட்டிலுக்கு அடியில போனது இன்னும் வெளிய வரல."

இதுவரைக்கும் வீட்டோடு போனது. போன வருஷம் மானம் கப்பலேறியது. நூலகத்தில் வருஷா வருஷம் ஊர்க்காரர்களின் கைவேலைகளைக் கண்காட்சியாக வைப்பார்கள். ஜன்னலோர மேஜையில் இவளுடைய நீலக் கிண்ணம். பார்த்தவர்கள் எல்லாரும் அடேயப்பா என்றார்கள். சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, "இந்த அமைதியான சூழ்நிலையில்" என்று ஆரம்பித்தார் பாருங்கள், டமார்! ஒருவர் நாற்காலியோடு சாய்ந்தார். ஒரு குழந்தை வீறிட்டது. விருந்தினர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார, அவருக்கு நாடி பார்த்தது இவளோடு ஆம்புலன்ஸில் வரும் நர்ஸ் பெண்தான்.

மறுநாளிலிருந்து அவள் பெயர் டமார் அக்கா. வேலை செய்கிற இடத்தில் கூப்பிட்டார்கள், பெட்ரோல் போடுகிற இடத்தில் கூப்பிட்டார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து வாஷிங் மெஷினை ஓட விட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். அவமானம் என்றால் அப்படி ஓர் அவமானம்.

இந்த வருஷம் கண்காட்சிக்கு முன்னால் நூலகரைப் பார்க்கப் போனாள்.

"வாங்க மேடம், தாராளமா வைங்க. வெளிய சைக்கிள் நிறுத்துற பக்கம் ஒரு மேஜை போட்டுத் தரேன்" என்றார் அவர்.

"எனக்கு அந்த ஜன்னல் மேஜைதான் சார் வேணும்."

"விளையாடாதீங்க. போன தடவை எனக்கு உயிர் போயி உயிர் வந்துச்சு."

"வெளிச்சம் பின்னாடி இருந்து வந்தாதான் சார் அது கண்ணாடி. சைக்கிளுக்கு நடுவுல வெச்சா வெறும் தட்டு."

அவர் யோசித்தார். நல்ல மனுஷன்தான், பயந்த மனுஷன். "சரி. தொடக்க விழா முடியற வரைக்கும் உடையாம நிக்கணும். உடைஞ்சா, இனிமே கண்ணாடியைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கமே வரக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கண்ணாடியில் எதைச் செய்வது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஓட்டுநர் இருக்கையிலிருந்து தினமும் பார்க்கிற ஒன்று. சைரன் போட்டதும் முன்னால் அடைத்துக்கொண்டு நிற்கிற வண்டிகள் எல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுங்கி, நடுவில் சட்டென்று ஒரு வழி திறக்குமே, அது. இரண்டு பக்கமும் சிவப்பு, நீலம், பச்சைத் துண்டுகள் சாய்ந்து ஒதுங்க வேண்டும். நடுவில் கீழிருந்து மேலே தெளிந்த மஞ்சள் ஓட வேண்டும். அந்த மஞ்சள் தகடு அவளிடம் ஒன்றுதான் மிச்சம். கடையில் கேட்டால், அந்த நிறம் வருவதே நின்றுவிட்டது என்றார்கள். இது உடைந்தால் இன்னொன்று கிடையாது. இவ்வளவு பெரியதாகவும் கனமாகவும் அவள் இதற்குமுன் செய்ததும் இல்லை. கனமான கண்ணாடி ஆற இன்னும் நேரம் கேட்கும்.

சூளைக்குள் வைத்து மூடி, சூட்டைக் காட்டும் நம்பர் பெட்டியில் கணக்கைப் பதித்து, ஸ்விட்சைப் போட்டதும் மாமனாரிடம் போனாள். அவர் தொழிற்சாலை வாசலில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பாஸ் கொண்டுவராத முதலாளியையே வாசலில் நிறுத்தி வைத்தவர் என்பது வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம், ஏனென்றால் அவரே சொல்வார்.

"மாமா, நாளைக்கு முழுக்க அந்த மூடியை யாரும் திறக்கக் கூடாது. நீங்கதான் காவல்."

"யாரு திறப்பாங்க?"

"நான்தான்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப உன்னையும் விடக் கூடாதா?"

"என்னைத்தான் மாமா விடக் கூடாது."

கிழவருக்கு இருபது வயது குறைந்துவிட்டது. விடிந்ததும் முகச்சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டு, நாற்காலியைப் பின்னறை வாசலில் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிட்டார். துணி துவைக்கப் போன தன் மகனையே, "என்ன வேலையா உள்ள போற?" என்று கேட்டாராம். அவளோ, வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது என்று, வேண்டுமென்றே வேறொருவர் ஷிப்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு வண்டி ஓட்டப் போய்விட்டாள்.

மதியத்துக்கு மேல் திரும்பினாள். செருப்பைக் கழற்றியது பாதி, கழற்றாதது பாதி, நேரே பின்னறைக்கு ஓடினாள்.

"பாஸ் இருக்கா?" என்றார் மாமனார்.

"மாமா, நம்பரை மட்டும் பார்த்துட்டு வந்துடறேன்."

"இங்க இருந்தே பாரு."

எட்டிப் பார்த்தாள். இருநூற்றுப் பத்து. உள்ளே எண்ணூறு இருந்த இடத்தில் இப்போது வெறும் இருநூற்றுப் பத்து! இந்த இடத்தில்தான் எப்போதும் அவள் மண்ணைக் கவ்வுவாள். இவ்வளவு ஆறியாயிற்றே, இனி என்ன ஆகப்போகிறது என்று தோன்றும் இடம்.

"ஒரு விரல் அளவு மாமா. உள்ள மஞ்சள் ஒழுங்கா ஓடியிருக்கான்னு பார்த்துட்டு உடனே மூடிடறேன்."

"விரல் அளவும் கிடையாது, நகம் அளவும் கிடையாது. போய்ச் சாப்பிடு."

போய்ச் சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திரும்பி வந்து பார்த்தால், காவல்காரர் தலையைத் தோளில் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்! காலையிலிருந்து விறைப்பாக உட்கார்ந்திருந்த அசதி. அவள் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து உள்ளே நுழைந்தாள். சூளைக்கு முன் நின்றாள். மூடியின் கைப்பிடியில் கையுறை தொங்கியது. கை தானாகப் போய் அதை மாட்டிக்கொண்டது. பார்க்க யாரும் இல்லை. திறந்தாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை, கண்ணாடியைத் தவிர.

அவ்வளவுதான், அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. யார்மேல்? தன்மேல்தான். எத்தனை கண்ணாடி! எவ்வளவு ஆசையாக வெட்டி, எவ்வளவு கவனமாக அடுக்கி, கடைசியில் இந்த ஒரு கை எல்லாவற்றையும் பாழாக்கியிருக்கிறதே! "போதும்டி" என்று தனக்குத்தானே சத்தமாகச் சொன்னாள். கையுறையைக் கழற்றி வாஷிங் மெஷின்மேல் போட்டாள். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

கஷ்டம் என்றால் சொல்லி மாளாத கஷ்டம். கால் ஆடியது. நம்பர் நகரவே மாட்டேன் என்றது. ஆனால் மெல்ல மெல்ல ஏதோ ஒன்று அடங்கிவிட்டது. நம்பரைப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். உள்ளே அது தன் பாட்டுக்கு ஆறுகிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

மாமனார் திடுக்கிட்டு விழித்தார். நாற்காலிக்கு வெளியே இருக்க வேண்டிய மருமகள் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். முகம் சுருங்கிப்போயிற்று மனுஷனுக்கு.

"திறந்துட்டியா?"

"இல்ல மாமா."

"பொய் சொல்லாத. நான் தூங்கிட்டேன்."

"நீங்க தூங்கினீங்க. நான் காவல் இருந்தேன்."

அவர் நம்பவில்லை. எழுந்து வந்து, வாளிமேல் உட்கார்ந்திருந்தவளின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, "சரி, டியூட்டி மாத்திக்கலாம். நீ போய்ப் படு" என்றார்.

மறுநாள் காலையில், மூடி சில்லென்று ஆன பிறகு திறந்தார்கள். மஞ்சள் ஓடியிருந்தது. கீழிருந்து மேல்வரை, ஒரு குமிழி இல்லாமல், ஒரு வளைசல் இல்லாமல் ஓடியிருந்தது! ஆனாலும் அவள் குதிக்கவில்லை. போன வருஷமும் கிண்ணம் அழகாகத்தானே வந்தது? மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் கொடுத்த, ஒளி ஊடுருவும் இரண்டு கருப்புப் பிளாஸ்டிக் தாள்களை எடுத்தாள். ஒன்றன்மேல் ஒன்றைத் திருப்பிப் பிடித்தால் ஒளி முழுக்க மறையும். நடுவில் கண்ணாடியை வைத்தால், உள்ளே இறுக்கம் இருக்கிற இடம் மட்டும் வெள்ளையாகப் பளிச்சிட்டுக் காட்டிக்கொடுக்கும். அவளுடைய பழைய துண்டுகள் எல்லாம் அதில் விளக்கு மாதிரி எரிந்தவை. இதை ஓரம் ஓரமாக, அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். இருட்டு. எங்கே பார்த்தாலும் நல்ல இருட்டு.

"ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார் மாமனார் கவலையாக.

"ஒண்ணுமே தெரியல மாமா! ஒண்ணுமே தெரியல!" என்று கத்திக்கொண்டு அவரைப் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டாள். புருஷன் அன்றைக்கே அதற்கு இரும்பில் ஒரு தாங்கி அடித்துக் கொடுத்தான், கிண்டல் எதுவும் பண்ணாமல்.

தொடக்க விழாவில் நூலகர் விருந்தினரையும் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. ஜன்னல் மேஜையிலேயே கண்ணாக இருந்தார். முன்வரிசைக்காரர்கள் நாற்காலிகளைச் சற்றுத் தள்ளியே போட்டிருந்தார்கள். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றாள். விருந்தினர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். கண்ணாடி அசையாமல் நின்றது.

நூலகர் வந்து, "மேடம், இப்ப நான் மூச்சு விடலாமா?" என்றார்.

"நல்லா விடுங்க சார். வெயிலை மறைக்காம, ஜன்னலை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்னு விடுங்க."

சாயங்கால வெயில் நேராக ஜன்னலுக்கு வந்தது. தரையில் மஞ்சள் நீளமாக விழ, கூட்டம் மேஜையை மொய்த்துக்கொண்டது. நர்ஸ் பெண் குனிந்து, அந்த மஞ்சளைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள்.

"அக்கா, நான் எப்பவும் பின்னாடி ஸ்ட்ரெச்சர் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். முன்னாடி என்ன நடக்குதுன்னு பார்த்ததே இல்ல. நிஜமாவே இப்படித்தான் இருக்குமா?"

"இப்படித்தான் இருக்கும். முன்ன பின்ன தெரியாதவங்க, யாருக்காகன்னுகூடக் கேக்க மாட்டாங்க. எல்லாரும் ஒதுங்கிடுவாங்க."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் வாசல் பக்கமிருந்து ஓர் அதட்டல் கேட்டது. மாமனார் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார், கைத்தடியோடு.

"தள்ளுங்க, தள்ளுங்க! என் மருமக பண்ண கண்ணாடி அது. நான் பார்க்க வேணாமா? வழி விடுங்கப்பா!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சிரித்துக்கொண்டே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுங்கியது. வாசலிலிருந்து ஜன்னல் மேஜைவரை நேராக ஒரு வழி திறந்தது. எத்தனையோ பேருக்காகத் தினமும் அந்த வழியில் பறக்கிறவள், இன்றைக்குத்தான் முதல்முறையாக அதன் மறுமுனையில் நிற்கிறாள். கிழவருக்கு முழங்கால் வலி. ஓர் அடி வைப்பார், நிற்பார், மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த அடி வைப்பார். வேறு நாளாக இருந்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பாள். அவள் நகரவில்லை. தன் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, அவர் வந்து சேருகிறவரை காத்திருந்தாள்.