கட்டியம் சொல்ல விடை கேட்டு ஷெரிஃப் கந்தோருக்கு

1996 ஆடி, செவ்வாய்க்கிழமை. காலை ஏழரைக்குப் பிள்ளையாருக்கு விளக்கேற்றி, திருநீறு பூசிக்கொண்டு நாங்கள் குடியேறியிருக்கும் ஸ்காபரோவிலிருந்து புறப்பட்டேன். சட்டைப் பையில் ஷெரிஃப் அனுப்பிய கடிதம்.

எங்கள் மாடிக் கட்டடத்தில் ஷெரிஃப் என்றால் வாடகை கட்டாதவர்களை வெளியேற்றி, வீட்டுக் கதவுக்குப் பூட்டு மாற்ற வருகிறவர். கடிதத்தைக் கண்டதும் மனைவி முதல் வேலையாகச் சுவாமி படங்களைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கினாள். பக்கத்து வீட்டு அந்தோனி வந்து வாசித்த பிறகுதான் மூச்சு வந்தது.

"அக்கா, படங்களைத் திரும்பக் கொழுவுங்கோ. அண்ணையைக் கோட்டிலை இருந்து வழக்குக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுற ஜூரியா வரச்சொல்லி இருக்கினம்."

ஆனால் வரச்சொன்ன திங்கட்கிழமை எங்கள் கோயிலில் கொடியேறி மூன்றாம் நாள். பத்து நாளும் காலைத் திருவிழாவில் சுவாமிக்கு முன்னால் நின்று கட்டியம் சொல்பவன் நான். இறைவன் எழுந்தருளுகிறார் என்று அவர் பெருமைகளை உரத்துச் சொல்லி அறிவிக்கும் வேலை அது. காப்பும் கட்டிவிடுவேன்; கட்டினால் திருவிழா முடியும்வரை வேறு வேலைக்குப் போகக்கூடாது. அதனால் ஜூரி வேலையிலிருந்து விடை தரும்படி கேட்கப் போனேன்.

அந்தோனி மன்னார் ஆள், கிறிஸ்தவர், டாக்ஸி ஓட்டுபவர். மீற்றரை நிறுத்திவிட்டார். "பிள்ளையாருக்காக லீவு கேக்க ஒரு வேதக்காரன் கார் ஓடுறன். உங்கடை ஆளிட்டைச் சொல்லி வையுங்கோ" என்றார்.

இருபத்திரண்டு கிலோமீற்றருக்கு ஐம்பது நிமிடம் பிடித்தது. நீதிமன்றம் இருக்கும் யூனிவர்சிற்றி அவெனியூவில் கார் நிறுத்த மணிக்கு நான்கு டொலர்.

ஒன்பது மணிக்கு ஷெரிஃப் கந்தோர் திறந்தது. உள்ளே பழைய படம் ஒன்று: கறுப்பு அங்கி, இருபுறமும் மடித்த தொப்பி, இடுப்பில் வாள். அங்கிருந்த வெள்ளைக்கார அம்மா, அவர் அந்தக் காலத்து ஷெரிஃப் என்றார். இங்கிலாந்திலிருந்து வந்த பதவியாம். நீதிபதி வழக்குக் கேட்க மாவட்டத்துக்கு வரும்போது ஷெரிஃப்தான் எதிர்கொண்டு அழைத்து, வாளோடு முன்னால் நடப்பாராம். ஜூரிகளைக் கூட்டுவதும் அவர். தூக்குத் தண்டனையை நிறைவேற்றும் பொறுப்பும் அவருடையது.

"இப்ப வாள் எங்கை?" என்று அந்தோனியைக் கேட்கச் சொன்னேன்.

அந்த அம்மா பேனாவைத் தூக்கிக் காட்டினார். முன்னால் நடப்பது போய்விட்டது, கடிதம் அனுப்புவது மிஞ்சியிருக்கிறது என்று சிரித்தார். என் விண்ணப்பத்தை வாங்கி, "முடிவு நீதிபதியுடையது. பத்து மணிக்கு மேல்மாடி நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள்" என்றார்.

பத்து மணி. நீதிபதி அம்மா உள்ளே வர எல்லோரும் எழுந்தோம். அங்கியணிந்த ஓர் ஊழியர், வழக்குள்ளவர்கள் நெருங்கி வாருங்கள், உங்கள் குறை கேட்கப்படும் என்று இராகம்போல இழுத்துக் கூறி, மகாராணியைக் கடவுள் காக்க என்று முடித்தார். முப்பது வருடப் பழக்கம். கட்டியம் முடிந்தால் அடியார் சொல்வது ஒன்றுதானே? என் வாய் சொல்லிவிட்டது:

"அரோகரா!"

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"துலைஞ்சுது! பத்து நாள் கேக்க வந்தனீங்கள், பத்து மாசம் குடுக்கப்போறா" என்று அந்தோனி முணுமுணுத்தார். கொடியேற முன்னமே நானே கெடுத்துவிட்டேனே என்று பிள்ளையாரை நினைத்தேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். என்ன சொன்னீர் என்று நீதிபதி கேட்டார். அந்தோனியைப் பேசவிடாமல் என் ஆங்கிலத்தில் நானே சொன்னேன்: "கோயிலில் சுவாமி வரும்போது, இப்போது அறிவித்த இந்த ஐயாவின் வேலைதான் எனக்கு. சொல்லி முடிந்தால் சனங்கள் பதில் சொல்லுவார்கள். இங்கே ஒருவரும் சொல்லவில்லை."

"நீர் போகாவிட்டால் சுவாமி வரமாட்டாரா?"

"வருவார், அம்மா. அறிவிக்க ஆள் இல்லாமல் வருவார்."

நீதிபதி அந்த ஊழியரை ஒருதரம் பார்த்தார். பிறகு எழுதினார். "உம்முடைய ஜூரி முறையை ஒக்டோபருக்கு மாற்றியிருக்கிறேன். கட்டாயம் வரவேண்டும்."

"வருவேன்" என்றேன்.

இடைவேளையில் அந்த ஊழியர் வாசலில் என்னைப் பிடித்து, உம்முடைய அறிவிப்பு எவ்வளவு நேரம் என்று கேட்டார். ஐந்து நிமிடம் என்றேன்.

"எனக்கு அரை நிமிடம்தான் தருகிறார்கள்" என்று கை கொடுத்தார்.

ஊரில் நீதிமன்றம் போய் வந்தவர்களின் முகம் எனக்குத் தெரியும். வீடு வரும்வரை வாய் திறக்கமாட்டார்கள். நானோ கார் ஸ்காபரோவைத் தொடும்வரை கட்டியத்தை முழுக்குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு முடிவிலும் அந்தோனி ஸ்டியரிங்கை விடாமல் பதில் சொன்னார்.