நாலு பச்சைப் பொட்டு

பொம்மனஹள்ளியில் சட்டை தைக்கிற பேக்டரி. பதினோரு வருடமாக எனக்குக் காலர் மட்டும்தான். ஒரே மாதிரி காலரைத் திருப்பித் திருப்பித் தைத்து வலது தோள் இறுகிவிட்டது. மூணு மணிக்கு மணி அடித்தால் எல்லோரும் எழுந்து கையைத் தூக்கி எக்சர்சைஸ் செய்ய வேண்டும். என் கை காதுக்கு மேல் போகாது.

வேலையை மாற்றி மாற்றிச் செய், இல்லாவிட்டால் தையலையே விட வேண்டி வரும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். தையலை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது.

சூப்பர்வைசரிடம் கேட்டேன். உன்னை மாதிரி காலர் யார் தைப்பார்கள் என்றார். அதைச் சொல்லியே பதினோரு வருடம் உட்கார வைத்தார்கள்.

எங்கள் லைனில் ஒரு போர்டு உண்டு. யாருக்கு எந்தெந்த மிஷின் தெரியும் என்று பெயருக்கு நேரே பச்சைப் பொட்டு ஒட்டியிருக்கும். சட்டை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வருகிறார்கள் என்று அவசரமாக ஒட்டியது. எனக்கு நாலு பொட்டு. காலர், பட்டன் துளை போடுகிற காஜா, பட்டன், ஓரம் அடிக்கிற ஓவர்லாக். காலர் தவிர மற்றதில் நான் உட்கார்ந்ததே இல்லை.

மறுநாள் காலை என் மிஷினுக்குப் போகவில்லை. போர்டுக்குக் கீழே நின்றேன். சூப்பர்வைசர் வந்தார்.

"ஏம்மா, இங்க என்ன நிக்கிற?"

"நாலு மிஷின் தெரியும்னு நீங்கதான் சார் ஒட்டியிருக்கீங்க. காஜால உக்கார வையுங்க."

"அது சும்மா ஒட்டுனதும்மா."

"அப்ப பாக்க வர்றவங்ககிட்டயும் அதையே சொல்லுங்க."

பக்கத்தில் மிஷின் சத்தம் குறைந்தது. காஜா போடுகிற பெண் தலை நிமிராமல் சொன்னாள்.

"எனக்கும் காலர்ல பொட்டு வெச்சிருக்கீங்க சார். காலர் எந்தப் பக்கம் மடிக்கணும்னே எனக்குத் தெரியாது."

லைனே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஒரு நாள் பார்க்கலாம் என்று போய்விட்டார். அவள் எழுந்து எனக்கு இடம் விட்டாள். சாப்பாட்டு மணி வரை நான் காஜா, அவள் காலர்.

முதல் மூணு சட்டையில் பட்டன் துளை கோணலாக விழுந்தது. சூப்பர்வைசர் ஒன்றைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். பழைய இடத்துக்கே போகிறாயா என்று கேட்டார். நான் நாலாவது சட்டையை எடுத்தேன்.

அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை. தினமும் பாதி நாள் காஜாதான். கை காதைத் தாண்டிவிட்டது. முழுக்க மேலே போவதில்லை.

பட்டன் பொட்டும் ஓவர்லாக் பொட்டும் இன்னும் பொய்யாகத்தான் இருக்கின்றன. திங்கட்கிழமை போர்டுக்குக் கீழே நிற்பேன்.