மூடாத தட்டு

நான் வசிக்கும் ஜெர்மன் ஊரில் தெருவில் யாரும் துப்புவதில்லை. துப்பினால் எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்ப்பாள். அதற்கு நாலு அறை வாங்கிக்கொண்டு போய்விடலாம். அப்பேர்ப்பட்ட ஊரில் தினமும் காலையில் என் மேல் துப்புவது என் காரில் இருக்கும் பழைய பாட்டுப்பெட்டி மட்டும்தான். நானே கணினியில் எழுதிய சிடி ஒன்றை அதன் வாயில் வைப்பேன். சிடியை எங்கள் வீட்டில் தட்டு என்றுதான் சொல்வோம். பெட்டி அதை உள்ளே இழுத்து, கர் கர் என்று இரண்டு தடவை மென்று பார்த்துவிட்டு, கசப்பு மருந்து கொடுத்த பிள்ளை மாதிரி என் மடியில் தள்ளிவிடும். ஏன் துப்புகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஏன் தினமும் வைக்கிறேன் என்று என் மனைவி லூர்து கேட்கிறாள். அவளுக்குச் சொல்ல முடியாததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

லூர்து ஏற்காட்டில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்து, அந்த மடத்தின் வழியாகவே நர்ஸ் வேலைக்கு இங்கே வந்தவள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு வந்தவன். எண்பத்தாறில் வந்தேன். சில வருஷம் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. பிறகு கிடைத்தது பழைய கார்களைப் பிரித்துப் போடும் யார்டில் வேலை. இந்த நாட்டின் சுத்தத்தைப் பற்றி ஊரில் மேடை போட்டுப் பேசுகிறவர்களை ஒருநாள் எங்கள் யார்டுக்கு அழைத்துவர வேண்டும். சீட்டுக்கு அடியில் மென்று ஒட்டிய சூயிங்கம், நாய் மயிர், புளித்துப் பச்சையாகிப்போன பால், குழந்தையின் மலத்தோடு சுருட்டிச் செருகிய துணி. சாப்பாட்டு மேசையில் கைக்குட்டையை விரித்துச் சங்கு ஊதுவதுபோல மூக்கைச் சிந்தி, மடித்துத் திரும்பவும் பையில் வைத்துக்கொள்கிற ஜனம் இது. என்னோடு வேலை செய்யும் ஹைன்ஸ், பச்சைப் பன்றிக்கறியை அரைத்து வெங்காயம் தூவி ரொட்டியில் தடவித் தின்பான். மதியமானால் எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் 'மால்ட்சைட்' என்பார்கள். நம் ஊர் 'சாப்டாச்சுங்களா' போல என்று நினைத்து, 'தயிர்சோறும் ஊறுகாயும், நீ?' என்று ஒரு வருஷம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது வெறும் வணக்கமாம். ஒருத்தனும் திருத்தவில்லை.

தொண்ணூற்றாறில் ஒரு செத்த காரிலிருந்து சிடி பாடும் பெட்டி ஒன்றைக் கழற்றினேன். கொஞ்சம் பழைய ரகம், ஆனால் நன்றாக வேலை செய்தது. என் தம்பி அந்தோணி நாகலூரில் இருக்கிறான். சொந்தமாக ஒரு பழைய கார் வைத்துக்கொண்டு, சேலத்திலிருந்து சுற்றுலாக்காரர்களை ஏற்காட்டுக்கு ஏற்றி இறக்குகிறான். அவனுக்கு அனுப்பலாம் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். துடைத்துக்கொண்டிருந்தபோது ஹைன்ஸ், ஊரில் எனக்கு வீடு உண்டா என்று கேட்டான். தம்பி குடும்பம் இருக்கும் வீட்டில் எனக்கென்று ஓர் அறை பூட்டி வைத்திருக்கிறது, சாவிகூட என்னிடம் இருக்கிறது என்றேன். உள்ளே யார் தூங்குகிறார்கள் என்றான். யாரும் இல்லை, என் சாமான் இருக்கிறது என்றேன். "ஓ, லாகர்!" என்றான். லாகர் என்றால் கிடங்கு. இல்லையப்பா, அறை என்றேன். ஆமாம், லாகர் என்று தலையாட்டினான். பச்சைக்கறி தின்கிற மூதேவிக்கு அறையும் கிடங்கும் ஒன்றுதான் என்று தமிழில் திட்டினேன். அவன் 'டாங்கே' என்று நன்றி சொன்னான்.

பெட்டி போய்ச் சேர்ந்தது. கேசட்டையெல்லாம் தூக்கிக் குப்பையில் போடு, இனிமேல் தட்டுதான் என்று தம்பிக்கு எழுதினேன். கணினியும் தட்டு எழுதும் கருவியும் வாங்கினேன். என்னிடம் இருந்த பழைய சினிமாப் பாட்டு கேசட்டுகளை ஒயர் வழியாக ஒவ்வொன்றாகக் கணினிக்குள் ஓடவிட்டு, பாட்டு பாட்டாக வெட்டி, தட்டில் எழுதினேன். பாட்டு எழுதி முடிந்ததும் கணினி ஒரு கேள்வி கேட்கும். தட்டை மூடிவிடவா? மூடினால் அதற்குமேல் எதுவும் சேர்க்க முடியாது. யா என்றால் ஆமாம், நைன் என்றால் வேண்டாம். நான் ஒவ்வொரு தடவையும் நைன் என்பதைத்தான் அழுத்தினேன். எங்கள் வீட்டில் அரிசி டின்னை அடிவரை வழிக்க மாட்டார்கள், ஒரு பிடியாவது கிடக்க வேண்டும். தீர்ந்துபோச்சு என்று சொல்லக்கூடாது, நிறைந்துபோச்சு என்று சொல்ல வேண்டும். அப்படி வளர்ந்தவனிடம் போய் ஒரு யந்திரம், முடித்துவிடவா என்று கேட்டால் என்ன சொல்வான்? ஐந்து நிமிடம் இடம் விட்டு, மூடாமல், பாட்டுகளின் பட்டியலைக் கைப்பட எழுதிச் சேர்த்துத் தபாலில் அனுப்பினேன். அப்போது என்னிடம் கார் இல்லை. வீட்டுக் கணினியில் போட்டுப் பார்த்தேன், பாடியது.

இரண்டு வருஷத்தில் பதினோரு தட்டு அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் தம்பியிடமிருந்து கடிதம் வரும். 'அண்ணா, நீங்க அனுப்புன தட்டு நொம்ப நல்லாப் பாடுதுங்க. வண்டியில ஏறுறவங்க எல்லாம் எங்க வாங்குனதுன்னு கேக்கறாங்க.' மூன்றாவது பாட்டு எப்படி என்று போனில் கேட்டால், பாட்டைச் சரியாகச் சொல்வான். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்த தமிழர்களிடமெல்லாம் என் தட்டின் பெருமையை அளந்தேன்.

போன வருஷம் மே மாதம் ஊருக்குப் போனேன். சேலம் ஸ்டேஷனில் அந்தோணி காத்திருந்தான். மலை ஏறத் தொடங்கியதும் வளைவுக்கு வளைவு பிரியாணிப் பொட்டலம், பிளாஸ்டிக் டம்ளர், அதைக் கிழித்து நக்கும் குரங்கு. சேர்வராயன் கோயில் திருவிழாச் சமயம் வேறு. வண்டிக்கு வண்டி தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தாலும் உள்ளூர ஆனந்தம். பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது, நான் வெட்டி எழுதிய வரிசையிலேயே பாட்டுகள் வருகின்றன. பதினோராவது கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பாடிக்கொண்டிருந்த பெண்ணின் குரல் தடித்து, ஆண் குரலாகி, ஆள் சாகப்போகிற மாதிரி இழுக்கத் தொடங்கியது.

தட்டு இழுக்காது. தட்டு திக்கும், தாவும், நின்றுபோகும். இழுப்பது கேசட்டின் குணம். குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். துணியில் சுற்றிய ஒரு டேப் ரெக்கார்டர் வந்தது.

அந்தோணி வண்டியை ஓரம் கட்டினான். "தட்டு எங்கடா?" என்றேன். டாஷ்போர்டைத் திறந்து காட்டினான். பதினோரு தட்டும் கீறல் விழாமல் உறையோடு இருந்தன. ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்தேன். பதினொன்றையும் துப்பியது.

"ஏன்டா எழுதல?"

"நீங்க ஆசையா அனுப்பறீங்க. பாடலைன்னு எப்படிங்கண்ணா எழுதறது?"

"அப்ப இந்தப் பாட்டெல்லாம்?"

"உங்க லிஸ்ட்டக் கொண்டுபோய் சேலத்துல ரெக்கார்டிங் கடையில குடுத்து, அதே வரிசையில கேசட்டுல புடிச்சனுங்க. ஏறுறவங்ககிட்ட எங்கண்ணன் ஜெர்மன்ல இருந்து அனுப்புன செட்டுன்னு சொல்லுவனுங்க. வெளக்கு எரியுதுல்லீங்க, நம்பிக்குவாங்க."

இதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை. அருவருப்புதான் வந்தது. பொய், பொய்யின் மேல் ஒரு மரியாதை, அந்த மரியாதைக்கு ஒரு 'ங்க'. சூயிங்கத்தைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை. திட்டித் தீர்த்தேன். அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டான்.

வழக்கமாக நான் ஏற்காடு டவுனில் லாட்ஜில்தான் தங்குவேன். வீட்டுக் கக்கூஸ் எனக்கு ஒத்துக்கொள்ளாது. பன்னிரண்டு வருஷத்தில் மூன்று தடவை வந்தும் மூன்று தடவையும் லாட்ஜ்தான். இந்தத் தடவை நாகலூர் வீட்டுக்கே விடச் சொன்னேன். நான் விட்டுப்போன கேசட்டுகள் என் அறையில் இருந்தன. அவற்றை எடுத்துப்போய்ப் புதிதாகத் தட்டில் எழுதி, அவன் கேசட்டைவிட என் தட்டு எவ்வளவு உசத்தி என்று நிரூபிக்கும் வெறி.

சாவி வளையத்திலிருந்த சாவியால் அறையைத் திறந்தேன். முகத்தில் அடித்தது ஒரு நாற்றம். மெத்தையில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. கல்யாணக் கோட்டின் தோளில் வெள்ளை ரோமம். கேசட் பெட்டிக்குள் எலி குட்டி போட்டு, குட்டிகள் செத்துக் காய்ந்து, நாடாவோடு ஒட்டிக்கிடந்தன. வாசலுக்கு ஓடி ஓங்கரித்தேன். தம்பி மனைவி செம்பில் தண்ணீரோடு வந்து நின்றாள். அவள் மூக்கைப் பொத்தவில்லை. மிச்சமிருந்த ஒரே அறையிலும் கூடத்திலுமாக ஐந்து பேர் இருக்கும் வீடு அது.

வாய் கொப்பளித்து நிமிர்ந்தபோது, காரின் பின்சீட்டில் தம்பி மகள் பவுலின் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். ப்ளஸ் டூ போகப்போகிறவள். "இங்க ஏன் கண்ணு படிக்கிற?" என்றேன்.

"உள்ளார தம்பிங்க சத்தமுங்க பெரியப்பா. வண்டிக்குள்ள நொம்ப வசதிங்க."

அவள் அப்பன் எழுதிய கடிதத்தின் அதே குரல். நான் அறையைப் பூட்டினேன். அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போனேன். சோப்பு போட்டு மூன்று தடவை கை கழுவியும் நாற்றம் போகவில்லை.

மறுநாள் அந்தோணியோடு சேலம் இறங்கி, ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தட்டுகளைக் கொடுத்தேன். பெட்டி பழசு, அதில்தான் கோளாறு என்று சொன்னேன். அங்கே இருந்த பெண் ஒரு தட்டைத் தன் கருவியில் போட்டுப் பார்த்தாள்.

"சார், இத நீங்க க்ளோஸ் பண்ணவே இல்லீங்க. தட்டு எழுதற மெஷினுதான் இதப் படிக்கும். கார் செட்டுக்கு இது வெறுந்தட்டுங்க."

"இடம் இருக்கட்டுமேன்னு விட்டேன்மா. அப்புறம் சேர்க்கலாம்னு."

"சேர்த்தீங்களா?"

"இல்ல."

"ரெண்டு வருசமாவாங்க?"

"ஆமா."

"அப்பறம் யாருக்குங்க சார் எடம்?"

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்தோணி என் முகத்தைப் பார்க்காமல் போஸ்டர் படித்துக்கொண்டிருந்தான். மூடிவிடும்மா என்றேன். ஒன்பது தட்டுகள் மூடின, இரண்டு கெட்டுப்போயின.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊருக்குத் தட்டு அனுப்பும் சகோதரர்களே, இதையாவது என்னிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். பழைய கார் பெட்டிக்கு ஒரு தடவை மட்டும் எழுதும் தட்டு வாங்குங்கள். அழித்து எழுதும் தட்டை அது தொடாது. அவசரப்படாமல் குறைந்த வேகத்தில் எழுதுங்கள். அழகுக்கு ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், சூட்டில் உரிந்து உள்ளே சிக்கிக்கொள்ளும். கடைசியில் மூடுங்கள். அனுப்பியது பாடுகிறதா என்று தம்பியிடம் கேட்காதீர்கள், போய்ப் பாருங்கள்.

திரும்பி ஏறும்போது பெட்டி தட்டை விழுங்கியது. இருபது வளைவிலும் ஒரு பிசிறு இல்லை. அந்தோணி ஸ்டீயரிங்கில் தாளம் போட்டான். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு அறையைத் திறந்தேன். வேண்டாம் வேண்டாம் என்று எல்லோரும் தடுத்தார்கள். என் அழுக்கு, நான்தான் அள்ள வேண்டும். மெத்தையை இழுத்துப்போட்டுக் கொளுத்தினேன். கோட்டையும் கொளுத்தினேன். எலிக்குட்டிகளை முறத்தில் வாரினேன். நடுவில் இரண்டு தடவை வாந்தி. அடுத்தவன் காரில் இத்தனை வருஷம் அள்ளியதெல்லாம் இதற்குமுன் சந்தனம். ஹைன்ஸ் சொன்னதில் ஒரே தப்பு, லாகரில் இவ்வளவு நாறாது.

மறுநாள் சுண்ணாம்பு அடித்து, பவுலினின் புத்தகங்களை உள்ளே வைத்து, சாவியை வளையத்திலிருந்து கழற்றி அந்தோணியிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"அப்ப நீங்க வந்தா எங்கண்ணா படுப்பீங்க?"

"நான் என்னைக்குடா இங்க படுத்தேன்?"

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அவன் சாவியை வாங்கிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றான்.

இங்கே திரும்பி வந்ததும் ஒரு பழைய கார் வாங்கினேன். அதிலும் அதே மாதிரி பெட்டி. நவம்பரில் ஊரிலிருந்து ஒரு கேசட் வந்தது. பவுலின் அந்த அறையில் உட்கார்ந்து பாடத்தை உரக்கப் படிக்கிறாள். கூரைத் தகரத்தில் மழை. வெளியிலிருந்து அந்தோணியின் குரல்: "சத்தமாப் படி கண்ணு, பெரியப்பாவுக்குக் கேக்கோணும்." அதைத் தட்டில் எழுதினேன். குறைந்த வேகத்தில், ஸ்டிக்கர் இல்லாமல். கணினி கேட்டது, மூடிவிடவா என்று. நான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. உங்களுக்கெல்லாம் உபதேசம் செய்த இந்தக் கை, நைன் என்பதைத்தான் அழுத்துகிறது. சீ என்று இருக்கிறது எனக்கே.

இன்று காலையும் கார் துப்பியது. நைட் டியூட்டி முடிந்து வந்த லூர்து காருக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து கேட்டாள்: "அங்கதான் ரூம காலி பண்ணிக் குடுத்தாச்சுங்களே. இந்தத் தட்டுல யாருக்கு எடம் போட்டு வெச்சிருக்கீங்க?"

மடியில் கிடந்ததைச் சட்டையில் துடைத்தேன். மறுபடி பெட்டியின் வாயில் வைத்தேன்.