சித்திரையில் காய்ந்த கம்பளி

வடக்கே லாரி ஓட்டிப் போனபோது என் வீட்டுக்காரர் வாங்கி வந்த சிவப்புக் கம்பளி அது. சங்கரன்கோவிலில் அதற்கு வேலையே கிடையாது. ஆனால் எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம், வியர்வையில் நனைந்த அந்தக் கம்பளியைத் தினமும் கொடியில் காயப்போட்டேன். எங்கள் தெருவின் தறிச் சத்தத்துக்கு மேலே எதிர்வீட்டு அக்கா கேட்பாள்: “ஏட்டி, இந்த வெயில்ல யாருக்கு அங்கன குளிருது?” கம்பளியை இன்னொரு தரம் உதறிப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன்.

குளிர்ந்தது என் வீட்டுக்காரருக்கும் என் அண்ணனுக்கும். ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். இடுப்புவலி தெரியாமலிருக்க வழியில் அபின் உருண்டை வாங்கித் தின்னப் பழகி, அது இல்லாமல் எழுந்திருக்கவே முடியாத நிலைக்கு வந்திருந்தார்கள். ஒரு தடவை வண்டி ரோட்டை விட்டு இறங்கி வயலுக்குள் நின்றது. முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். “அதை விட்டுட்டு வாங்க, வண்டி தாரேன். இல்லேன்னா வேற ஆளைப் போட்டுருவேன்.”

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டாக்டரம்மாவின் சின்ன ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் ஜனங்கள் வருகிற இடம். அங்கே இரண்டு முரட்டு ஆட்கள் அபின் இல்லாத குளிர் நடுக்கத்தில் மூக்கும் கண்ணும் ஒழுக, கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது அவர் முகம் சுளிக்கவில்லை. “மதுரைக்கு அனுப்புனா பாதி வழியில இறங்கிருவீங்க. இங்கனயே பார்ப்போம்” என்றார். அபினிலிருந்தே எடுத்த சொட்டு மருந்தைக் கொடுத்து மெல்ல மெல்லக் குறைப்பது ஒரு வழி. அபினை அடியோடு நிறுத்திவிட்டு, ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கிற மாத்திரையால் நடுக்கத்தை அடக்குவது இன்னொரு வழி. “எது நல்லதுன்னு எனக்கே தெரியாது. ஆளுக்கு ஒண்ணு தாரேன், பார்த்துத்தான் சொல்லணும்.” தெரியாது என்று சொன்ன டாக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அண்ணனுக்குச் சொட்டு, இவருக்கு மாத்திரை என்று முடிவானது.

இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான் கிடந்தார்கள். “உமக்கென்ன மச்சான், அமிர்தம் குடிக்கீரு. எனக்குச் சுண்ணாம்புக் கட்டி” என்பார் இவர். “கெழவங்க திங்குற மாத்திரை மாப்ள, உமக்குப் பொருத்தந்தான்” என்பான் அண்ணன். நானும் சிரித்துக்கொள்வேன். ஒரு காலையில் பாயிலிருந்து எழுந்த அண்ணன் கண் இருட்டிச் சரிந்தான். தலை சுற்றும் என்று டாக்டரம்மா சொன்னது இவருடைய மாத்திரைக்குத்தானே! அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. லாரியில் ரொட்டி, பீடி, டீ எல்லாமே அவர்களுக்குப் பாதிப்பாதி. மருந்தையும் அப்படியே பங்கு போட்டிருக்கிறார்கள். “சொல்லிராதட்டி, அந்தம்மா நம்மள விரட்டிரும்” என்று இவர் கும்பிட்டார். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள், அத்தனை கூட்டத்துக்கும் கேட்கச் சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா உடனே வந்து அண்ணனைக் கால் உயர்த்திப் படுக்க வைத்தார். அவன் தெளிந்த பிறகுதான் திட்டினார். “இது என்ன புரோட்டாவா, ஆளுக்குப் பாதி பிச்சுத் திங்க?” அன்றே அண்ணனைப் பனவடலிசத்திரத்துக்கு, எங்கள் அம்மா வீட்டுக்கு அனுப்பினார். சொட்டு அம்மா கையில், மாத்திரை என் கையில்.

அதற்குப் பிறகுதான் எது எப்படி என்று தெரிந்தது. இவருக்கு நடுக்கமும் வியர்வையும் சீக்கிரமே அடங்கின. ஆனால் தூக்கம் வரவில்லை, சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். அண்ணனுக்கு உடம்பு அவ்வளவு நோகவில்லை. கடைசிச் சொட்டுகளை விடத்தான் மனம் வராமல் அம்மாவிடம் கெஞ்சியிருக்கிறான். அம்மா இளகவில்லை. முடிவில் இரண்டு பேரும் மீண்டார்கள். “மாத்திரை சீக்கிரம் கரையேத்துது, சொட்டு நோகாம ஏத்துது. பக்கத்துல ஆள் இல்லேன்னா ரெண்டும் ஏத்தாது” என்றார் டாக்டரம்மா.

முதலாளி சாவியைக் கொடுத்தார். முதல் நடை போய்த் திரும்பியபோது லாரி நேரே ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஹாரன் அடித்தது. ஒரு கூடை நாகபுரி ஆரஞ்சு. இவர் ஒரு பழத்தை உரித்து, பழக்கத்தில் பாதியை அண்ணனிடம் நீட்டினார். “இதைப் பங்கு போடுங்க, தப்பில்ல” என்று மறுபாதிக்குக் கை நீட்டினார் டாக்டரம்மா.

டாக்டரம்மா இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. இவரும் அண்ணனும் அபினை மறுபடி தொடவே இல்லை. போன சித்திரையில் பரணிலிருந்து கம்பளியை எடுத்துக் கொடியில் போட்டேன். எதிர்வீட்டு அக்காவின் மருமகள் எட்டிப் பார்த்தாள். “என்ன அத்தை, யாருக்குக் குளிருது?”

“யாருக்கும் குளிரலட்டி! சும்மா காயுது” என்றேன், தறிச் சத்தத்துக்கு மேலே.