குளத்தைச் சுத்தம் செய்த குற்றம்

போன செவ்வாய்க்கிழமை ஒரு டாக்டரம்மாவின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேன். வேண்டுமென்று அல்ல. நல்லது செய்யப் போய்த்தான். என்னால் நடந்த கெடுதல்களில் முக்கால்வாசி அப்படி நடந்தவைதான்... சந்தேகமிருந்தால் என் வீட்டில் கேளுங்கள்.

டாக்டர் மரகதம் கோவில்பத்தில் எனக்கு அடுத்த வீடு. சென்னை யூனிவர்சிடிக்காக யானைக்கால் வியாதியை ஆராய்ச்சி செய்கிறவர். ஒரு வருஷமாகத் தினமும் சைக்கிளில் மண்டபத்தூர் போய் வருகிறார். அந்த ஊர்க்குளம் முழுக்க ஆகாயத்தாமரை. அதன் வேரைப் பிடித்துக்கொண்டுதான் கொசுப்புழு வளர்கிறது, அந்தக் கொசுதான் வியாதியைப் பரப்புகிறது என்பது டாக்டரம்மாவின் கட்சி.

அதை நிரூபிக்க இன்னும் இரண்டு வருஷம் வேண்டுமாம். அதற்கு ஃபண்டு கொடுப்பதா, மூட்டை கட்டச் சொல்வதா? நேரில் பார்த்து முடிவு செய்ய மூன்று பேர் கமிட்டி வருவதாகக் கடிதம் வந்தது.

"ஊர்த்தலைவர் உங்களுக்குப் பழக்கந்தானே? அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்றார் டாக்டரம்மா. சொல்லாமல் இருப்பேனா?

தலைவர் அஞ்சப்பன் மீனவர். அவர் சரியென்றால்தான் ஊரில் கட்டுமரம் கடலில் இறங்கும். மற்ற ஆண்களெல்லாம் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டித் திரிவார்கள். இவர் மட்டும் கணுக்கால் மறையத் தழையத் தழையக் கட்டியிருப்பார். தலைவர் என்றால் சும்மாவா என்று நானும் மெச்சிக்கொள்வேன்.

"பெரிய மனுஷங்க வர்றாங்க தலைவரே. டாக்டரம்மா நல்லா இருக்கணும். ஊர் பேரைக் காப்பாத்திக் குடுங்க" என்றேன்.

"அதெல்லாம் நீங்க சொல்லணுமா சார்? ஜமாய்ச்சுப்புடுவோம்" என்றார்.

ஜமாய்த்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை கமிட்டியோடு டாக்டரம்மாவும் நானும் ஜீப்பிலிருந்து இறங்கினால்... குளத்தில் ஒரு இலை இல்லை. தண்ணீரில் முகம் பார்க்கலாம். வாசலுக்கு வாசல் கோலம். தெருவெங்கும் சாம்பிராணிப் புகை. அதில் கொசு எங்கே நிற்கும்? தென்னங்குருத்துத் தோரணம் வேறு. பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் பக்கத்தை ஆண்ட காலத்தில் புதுச்சேரியிலிருந்து கவர்னர் வந்தால் இப்படித்தான் செய்வார்கள். கொடி மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

டாக்டரம்மா முகத்தில் ஈயாடவில்லை.

கமிட்டித் தலைவர் ஒரு புரொஃபசர். கோட்டு, தொப்பி. குளத்தைச் சுற்றி வந்தார். தெருவைப் பார்த்தார். "நோயாளிகள் எங்கே?" என்றார்.

"நம்ம ஊர்ல அப்படி யாரும் இல்லீங்கய்யா. எல்லாரும் சௌக்கியம்" என்றார் அஞ்சப்பன், கையைக் கட்டிக்கொண்டு.

புரொஃபசர் டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "கொசு இல்லை, செடி இல்லை, நோயாளியும் இல்லை. ஃபண்டு எதற்கு அம்மா?"

டாக்டரம்மா கையிலிருந்த நோட்டைத் திறந்தார், மூடினார். அதில் எழுதியிருந்தது எதுவும் எதிரே இல்லை. நான் அஞ்சப்பனை ஓரமாக இழுத்துப் போனேன்.

"என்ன தலைவரே இது? காலு வீங்குனவங்கள்லாம் எங்க?"

"வலைக்கொட்டாய்ல உக்கார வச்சிருக்கேன். நீங்கதானே சார் பேரைக் காப்பாத்தச் சொன்னீங்க? காலு வீங்குன ஊருன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான், எவன் எடுப்பான்?"

"இங்க வியாதியே இல்லைன்னா டாக்டரம்மாவுக்கு இங்க வேலையே இல்லீங்க. இன்னைக்கே கிளம்பச் சொல்லிடுவாங்க."

அஞ்சப்பன் என்னையே பார்த்தார். "அம்மா போயிடுவாங்களா?"

"போயிடுவாங்க."

வலைக்கொட்டாய்ப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று நடந்து புரொஃபசர் முன்னால் போய் நின்றார். குனிந்து வேட்டி நுனியைப் பிடித்து, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார்.

பெரிய மனுஷர் எதிரே வந்தால் மடித்த வேட்டியை இறக்கிவிடுவதுதான் நம் பக்கத்து மரியாதை. இவர் தலைகீழாகச் செய்கிறாரே என்று பதறினேன். அப்புறம்தான் அந்த இடது காலைப் பார்த்தேன்.

முழங்காலுக்குக் கீழே ஒரே கனமாக வீங்கியிருந்தது. தோல் தடித்து வெடித்திருந்தது. இதைத்தான் இத்தனை நாள் நான் தலைவர் மிடுக்கு என்று மெச்சிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"பொய் சொல்லிட்டேங்கய்யா" என்றார். "எனக்கு ஆறு வருஷமா இருக்கு. இந்த அம்மா ஊர் பூராத்துக்கும் ரத்தம் எடுத்தாங்க, நான்தான் கிட்டக்கப் போவல. என் பேரனுக்கு வரக்கூடாதுங்க. அம்மா இருக்கட்டும்."

டாக்டரம்மா மண்ணில் மண்டியிட்டு அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தார். "என்கிட்ட வந்திருக்கலாமே ஐயா" என்று மட்டும் சொன்னார்.

வலைக்கொட்டாய்க் கதவு திறந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள். பிடுங்கிய ஆகாயத்தாமரை எங்கே என்று கேட்டால், குளத்துக்குப் பின்னால் இரண்டு வண்டி பாரம், ஈரம் காயாமல் கிடக்கிறது. புரொஃபசர் ஒரு வாளித் தண்ணீரில் வேரை உதறினார். புழு நெளிந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணைப் பிடித்துப்போன மாப்பிள்ளை மாதிரி அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி உதறினார்.

ஊருக்கு உதவி கேட்கிறோம். உதவ வருகிறவர் கண்ணில் குறை படாமல் கூட்டிப் பெருக்கி வைக்கிறோம். அப்புறம் எப்படி ஐயா உதவி வரும்?

ஃபண்டு கிடைத்துவிட்டது. முழுசாக இரண்டு வருஷத்துக்கு. சனிக்கிழமை அதைச் சொல்லத்தான் மண்டபத்தூர் போனேன். ரத்தம் கொடுக்க நின்ற வரிசையில் முதல் ஆளாக அஞ்சப்பன், நடுத்தெருவில், வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு.

அவரைப் பார்த்ததும் நான் மடித்துக் கட்டியிருந்த என் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.